நோன்பு வைக்கும் புல்

அல் ஐன் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மான் பண்ணையில் புல் நோன்பு வைக்கிறது. ரமலான் மாதம் முழுக்க, விடியலுக்கு முந்திய பாங்கோடு இலைகளை மூடிக்கொண்டு வெறும் குச்சியாக நிற்கும். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் விரியும். பண்ணைக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது பழைய சேதி. அந்த மாதத்தில் அவர்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் வருகிறார்கள்.

இதற்குக் காரணமானவள் அதிராம்பட்டினத்து நஜீஹா. விவசாயப் பட்டம் வாங்கிய கையோடு, தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஃபாரூக்கைக் கட்டிக்கொண்டு துபாய்க்கு வந்தவள். வந்த நாள் முதல் அவள் தொட்டதெல்லாம் பால்கனித் தொட்டி மண்தான். அதில் வைத்த புதினாவும் மாவுப்பூச்சி விழுந்து போய்விடும். படித்தது விவசாயம், வளர்ப்பது பூச்சி என்று ஃபாரூக் கேலி செய்வான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும். இந்த நிலையில்தான் கடைக்கு ஏலக்காய் வாங்க வரும் அரபி முதலாளி, ஊரெல்லாம் அர்பாப் என்று கூப்பிடுகிறவர், தம் மான்களைப் பற்றிப் புலம்பினார். மூட்டைத் தீவனத்தை அவை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லையாம், எலும்பும் தோலுமாகிவிட்டனவாம். மான் விரும்பித் தின்னும் மூவிலைப் புல்லான குளோவரை ஒரு கம்பெனிக்காரன் விதைத்துப் பார்த்தும் முளைக்கவில்லையாம். மண்ணில் உப்பு இருக்கும்போது எப்படி முளைக்கும் என்று நஜீஹா கடைக்குள்ளிருந்து, அவருக்கும் புரியும் கடை உருதுவில் கேட்டுவிட்டாள். அவர் அந்த நிமிடமே வேலையை அவள் தலையில் கட்டினார். பெருநாள் விருந்தாளிகள் வருவதற்குள் பச்சை தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் பிளாஸ்டிக் புல்லை விரித்துவிட்டு மான்களை வேறு பண்ணைக்கு அனுப்பிவிடுவார். நஜீஹாவுக்கு இதுதான் முதல் வயல். இது போனால் இன்னொன்றை யார் தரப்போகிறார்கள்?

பண்ணை வேலைக்கு இருந்தவன் பரமக்குடிக்காரன் கார்மேகம். அவனை வைத்துக்கொண்டு பாத்தி கட்டி, நல்ல தண்ணீரைத் தேக்கி வடிய விட்டாள். மறுபடி தேக்கினாள், மறுபடி வடித்தாள். வடிந்த தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்து உப்பு விட்டது என்று தெரிந்த பிறகுதான் மக்கிய ஆட்டு எருவைக் கொட்டிக் கொத்தவிட்டாள். இதற்குள் ரமலான் பிறந்துவிட்டது. கடுகு போன்ற அந்த விதையில், வேரில் முடிச்சுக் கட்டும் நுண்ணுயிர்ப் பொடியை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்த வேண்டும். தலை நோன்பின் களைப்பில் இரவு கஞ்சி காய்ச்ச மறந்துவிட்டாள். விடிந்து பார்த்தால், முந்தின மாலை ஃபாரூக் பள்ளிவாசலிலிருந்து வாங்கி வந்த நோன்புக் கஞ்சி, பூண்டும் வெந்தயமும் கொத்துக்கறியுமாகத் தூக்குவாளியில் மிச்சம் இருந்தது. கறியை வடிகட்டிவிட்டு அதிலேயே குழைத்துவிட்டாள். படித்தவள் செய்கிற காரியமில்லைதான். விதையைத் தூவி, தண்ணீர் நிரப்பிய நீல டிரம்மை மேலே உருட்டி அமுக்கினார்கள்.

முளைத்தது. ஆனால் இலையைக் காட்டவில்லை. நஜீஹா காலையில் வந்து, வீட்டில் நோன்பு திறக்கும் வேலையைப் பார்க்க பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்பே தேராவுக்குத் திரும்பிவிடுவாள். கார்மேகமோ பொழுது சாயும் முன் சாலையோர இஃப்தார் கூடாரத்துக்குச் சாப்பிடப் போய்விடுவான். அங்கே யாரும் சாதி மதம் கேட்பதில்லை, பிரியாணியும் மோசமில்லை. திரும்பி வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். ஆக, அந்தி வேளையில் பாத்தியைப் பார்க்க ஆள் இல்லை.

"மேடம், பகல்ல விடுற தண்ணி மண்ணுல எறங்கவே மாட்டேங்குது, அப்படியே நிக்குது. மறுநா விடிஞ்சு பாத்தா ஒரு சொட்டு இல்ல," என்றான் கார்மேகம். மான்கள் பகலெல்லாம் பாத்திக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தன. ஆனாலும் அவற்றுக்குச் சதை பிடித்துக்கொண்டு வந்தது. நஜீஹா வேரைப் பிடுங்கிப் பார்த்தாள், முடிச்சுகள் கொழுகொழுவென்று இருந்தன. படித்த பாடம் எதிலும் இதற்கு விடை இல்லை.

பெருநாள் நெருங்கியது. அர்பாப் உச்சிவெயிலில் வந்தார், குச்சிகளைப் பார்த்தார், "கலாஸ்" என்றார், முடிந்தது கதை. பிளாஸ்டிக் புல் ஏற்றிய லாரி அன்றே கிளம்பியது. தன் வயலைத் தன் கண்ணெதிரே மூடட்டும் என்று நஜீஹா வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். ஃபாரூக்கைக் கஞ்சியோடு அங்கேயே வரச்சொன்னாள். நோன்பு திறக்கப் பறக்கும் கார்களின் நெரிசலில் சிக்கிய லாரி, பொழுது சாயும்போதுதான் வந்து சேர்ந்தது; பின்னாலேயே அர்பாபின் காரும் வந்தது. சுருளை இறக்குவதற்குள் மான்கள் எழுந்து பாத்தி ஓரம் வரிசையாக வந்து நின்றன. மனிதர்களும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தார்கள். எங்கிருந்தோ பாங்குச் சத்தம் கேட்டது.

பாத்தி முழுவதும் ஒரே நேரத்தில் விரிந்தது. வேலி வரைக்கும் பச்சை. மான்கள் அவசரப்படாமல் குனிந்தன.

ஃபாரூக் தூக்குவாளியையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நஜீஹா, எந்தக் கஞ்சியில வெதையக் கொழச்சே?"

"பள்ளிவாசல் கஞ்சியிலதான் மச்சான்," என்றாள். சந்தோஷம் தாங்காமல் அழுதுவிட்டாள். பழம் கையிலேயே இருந்தது.

அர்பாப் ஒரு கோப்பைக் கஞ்சி வாங்கிக் குடித்தார், இன்னொன்றும் கேட்டார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த வெற்று மணலைக் காட்டி, அதற்கு எப்போது உப்பு கழுவப் போகிறாய் என்று அவளைக் கேட்டார். பிளாஸ்டிக் சுருளைப் பிரித்து எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்தார்கள். நோன்பு திறக்க இன்றும் அதுதான் பாய். பெருநாள் தொழுகை முடிந்ததும் புல் பகலிலேயே விரிந்துவிட்டது. அதற்குப் பின் வரும், கட்டாயமில்லாத ஆறு நோன்பைக் கிழக்கோரத்துப் பாத்தி மட்டும் வைத்தது, மற்றவை வைக்கவில்லை. அதை யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது நஜீஹாவிடம் மூன்று பண்ணைகள் இருக்கின்றன. ஃபாரூக் பூச்சிப் பேச்சை எடுப்பதே இல்லை. ரமலானில் கார்மேகம் மட்டும் மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மோட்டார் அறைக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுகிறான். புல் பார்க்கும் இடத்தில் வைத்துத் தின்றால் நன்றாகவா இருக்கும் என்கிறான்.