ரோசாலி எந்தப் படையணி?

"2012 மார்ச் 15, வியாழன். பிழை: கடைகளில் ஒட்டிய அறிவித்தலில் ரோசாலி அம்மையாரின் படத்தைப் போடவில்லை. போட்டோக்கொப்பி மெசினில் முகம் ஒரே கறுப்பாக வந்தது. அதனால் விட்டுவிட்டேன். வேறு பிழையும் இருக்கலாம். சரியாகத் தெரியவில்லை. நாளை: ஒட்டியவை விழாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்."

ஒவ்வொரு இரவும் இப்படி எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பு ஆசிரியை செசில் வைத்த ஒழுங்கு. அன்று விட்ட பிழை, மறுநாள் வேலை. பிரெஞ்சில் எழுத வராதவர்கள் தங்கள் மொழியில் எழுதலாம். மற்றவர்கள் நினைத்தபோது எழுதினார்கள். விதுர்ஷா ஒரு நாளும் விட்டதில்லை. எழுதியதைத் திரும்ப வாசித்து, ஒரு சொல்லை மாற்றி, பிறகு பழைய சொல்லையே போட்டுவிட்டுத்தான் படுப்பாள்.

பாரிசில் ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வகுப்பறைக்குச் சனிக்கிழமை ரோசாலியின் பெயரைச் சூட்டுவதாக இருந்தார்கள். ரோசாலி பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவின் கறுப்பினப் பெண். இருபது வயதில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஒளித்துப் போய்ப் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் அம்புலன்ஸ் ஓட்டியவர். போர் முடிந்தபின் பாரிசில் ஆசிரியையாகவும் தலைமை ஆசிரியையாகவும் இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு புதிதாக வந்தவர்களுக்கு இந்த அறையில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். போன மாரியில் காலமானார். விதுர்ஷா அவரைக் கண்டதில்லை. அவருடைய பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டிய சீருடைப் படத்தைத்தான் கண்டிருக்கிறாள்.

தமிழ்க் கடைகளுக்கான அறிவித்தலை எழுதும் வேலை அவளிடம் வந்தது. பிரெஞ்சுத் தாளில் இருந்த சொல், ஒரு காலத்தில் போரில் நின்றவர் என்று பொருள்படும். அவளுடைய கை யோசிக்காமல் எழுதியது: 'முன்னாள் போராளி, ஆசிரியை ரோசாலி அம்மையாருக்கு மதிப்பளிப்பு.'

வெள்ளிக்கிழமை பின்னேரம் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பெர்தொனே தெருவுக்குப் போனாள். ஞானரட்ணத்தின் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் அறிவித்தல் விழாமல்தான் இருந்தது. உள்ளே இருந்து அவர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இஞ்சை வாரும். இந்த ரோசாலி எந்தப் படையணி?"

விதுர்ஷா கேள்வி விளங்காமலே உள்ளே போனாள்.

"வேதக்காரப் பேர், கிறிஸ்தவம். மன்னார்ப் பிள்ளையாக்கும்" என்றார் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர். "அங்கை எல்லாம் முடிஞ்சுதெண்டினம். இஞ்சை மதிப்பளிப்பு நடக்குது."

அப்போதுதான் அவளுக்குத் தன் மற்றப் பிழை எதுவென்று தெரிந்தது. இந்தத் தெருவில் முன்னாள் போராளி என்றால் ஒரே ஒரு இயக்கத்து ஆள்தான்.

"அவ கறுப்பு மனுசி அண்ணை. பிரெஞ்சுக்காரருக்காகச் சண்டைக்குப் போனவ."

"அப்ப இராணுவத்திலை இருந்தவ எண்டு போடுமன்."

இராணுவம். அவள் பிறந்து வளர்ந்த வன்னியில் அந்தச் சொல்லுக்கும் ஒரே பொருள்தான். ஷெல் வந்த திசை அது. மதிப்பளிக்க வேண்டிய ஒருவரின் பெயருக்கு முன்னால் அதை எழுதக் கை போகாது.

"ஆர் எழுதினது இது?"

"வகுப்பிலை எழுதினது."

"வகுப்பு எழுதாது. மதிப்பளிப்பு, போராளி எல்லாம் அங்கை இயக்கத்திலை நிண்ட ஆக்களின்ரை எழுத்து."

அரிசிப் பைகளுக்குப் பக்கத்தில் நின்ற சாரதாதேவி திரும்பிப் பார்த்தார். பாரிசுக்கு வெளியே பொபினியில் இருக்கும் அவருடைய மகனுக்குத்தான் விதுர்ஷாவைக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விதுர்ஷாவுக்கு நெஞ்சு இடிக்கவில்லை. எதற்கும் இடித்துக் கன காலம். இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில், பதினேழு வயதில், இயக்கத்தார் அவளைப் பிடித்துக்கொண்டு போய்த் தலைமயிரைக் கட்டையாக வெட்டினார்கள். கடைசிவரை பதுங்குகுழி வெட்டினாள். அது அக்கா இராசமலருக்கு மட்டும் தெரியும். இயக்கத்தில் நின்ற பிள்ளை என்று வெளியில் தெரிந்தால் ஒரு சம்பந்தமும் வராது என்று சொல்லித்தான் அக்கா அதை மூடி வைத்திருந்தாள்.

வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"பொபினியாலை கேக்கினம், தங்கச்சி கடைசி நேரம் எங்கை நிண்டவ எண்டு. என்ன எழுதித் துலைச்சனி?"

விதுர்ஷா சொன்னாள்.

"ரீச்சர் எண்டு மட்டும் விட்டிட்டு மிச்சத்தை வெட்டு. அதுவும் பொய் இல்லைத்தானே."

பொய் இல்லை என்றுதான் விதுர்ஷாவுக்கும் பட்டது. வகுப்பில் செசிலிடம் தன்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டாள்: ஆசிரியை என்று மட்டும் போடலாமா?

செசில் கதிரைகளை எண்ணுவதை நிறுத்தினாள்.

"அவர் ஆசிரியை என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று, சிப்பாய்களோடு திரிந்த பெண்ணிடம் தாய்மார் பிள்ளைகளை விடமாட்டார்கள், வாயைத் திறக்காதே என்றார்களாம். ஓய்வுபெறும்வரை அவர் திறக்கவில்லை. மற்றதைச் சொல்லத்தான் நாளைக்குக் கூடுகிறோம்." பிறகு தோளைக் குலுக்கினாள். "ஆனால் தமிழ் உன்னுடைய மொழி. எனக்குத் தெரியாது."

விதுர்ஷா படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மெசினில் வைத்தாள். வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தான் ஒன்று இருப்பதை அன்றுதான் கண்டாள். அமத்தி எடுத்தபோது முகம் வந்தது. அகன்ற நெற்றி, தொப்பிக்குள் அடங்காத மயிர், சிரிக்காத வாய்.

ஞானரட்ணம் கடை பூட்ட ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் படத்தை அறிவித்தலின் மேல் பக்கத்தில் வைத்து ஒட்டினாள்.

"ஓ, உண்மையாவே கறுப்பு மனுசிதான்" என்றார். "அப்ப சொல்லை மாத்தேல்லையோ?"

"இல்லை அண்ணை. அது சரியான சொல்."

"எப்பிடிச் சரியெண்டு சொல்லுறீர்?"

"நானும் நிண்டனான்."

அவர் அவளுடைய பின்னலைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் பார்த்தார். மேசை லாச்சிக்குள் கைவிட்டு டேப்பை எடுத்து நீட்டினார்.

"கீழ் மூலை கழருது. வடிவா ஒட்டும்."

வீட்டில் அக்கா சோறு போட்டுவிட்டு எதிரில் இருந்தாள்.

"பொபினிக்கு என்ன சொல்லுறது?"

"நான் நிண்டனான் எண்டு சொல்லுங்கோ."

"இனி உன்னை எடுக்கமாட்டினம்."

"ஓம்."

அக்கா சோற்றுப் பானையை மூடினாள். விதுர்ஷா போட்டதைச் சாப்பிட்டு முடித்தாள். ருசி தெரியவில்லை, ஆனால் மிச்சம் வைக்கவில்லை. சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

"2012 மார்ச் 16, வெள்ளி. பிழை: படத்தைச் சரிவாக ஒட்டிவிட்டேன். 'முன்னாள்' என்ற சொல் தேவையா என்று இன்னும் தெரியவில்லை. நாளை: காலையில் போய் வகுப்பறையைத் திறந்து கதிரைகளைப் போட வேண்டும். பிறகு அறிவித்தலை எல்லோருக்கும் முன்னால் தமிழில் வாசிக்க வேண்டும்."