இரண்டாவது தாள்

…காதை மூடிக்கொண்டதில்லை. அவ்வளவுதான் வரி. இதில் நாக்கு புரளாத எழுத்து எது இருக்கிறது, சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், இருந்தும் மூன்றாவது தடவையாக இதே இடத்தில் வந்து இடறுகிறதே என்று அவள் புத்தகத்தை முறைத்தாள். புத்தகம் என்ன செய்யும், அதுபாட்டுக்கு மரத் தாங்கியில் சாய்ந்து கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவுக்காரம்மா பொத்தானை அழுத்தினாள், குரல் நேராகக் காதுக்குள் வந்தது. "அக்கா, நிறுத்துங்க. 'உண்மையான சொல்லுக்கு'ங்கற வரைக்கும் நல்லா இருந்துச்சு, அப்புறம் குரல் உள்ள போயிடுச்சு. ஒரு வாய் வெந்நீர் குடிச்சிட்டு மறுபடியும் போலாம்." நிறுத்துங்க, நிறுத்துங்க, இந்தப் பெண்மணிக்கு வேறு வார்த்தையே தெரியாது, போன வாரம் "அக்கா, நிறுத்துங்க, உங்க வயிறு ஏதோ பேசுது" என்றாள், வயிறு பேசுவதெல்லாம் அந்த ஒலிவாங்கிக்குக் கேட்கும், மனசு பேசுவது மட்டும் கேட்காது, கேட்டிருந்தால் இன்றைக்கு பதிவு விளக்கைச் சிவப்பாகவே வைத்திருக்க முடியாது. அவள் வெந்நீரைக் குடித்தாள். குடித்துக்கொண்டே பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று இருந்தவள் பார்த்துவிட்டாள். பதிவுக்காரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் யாரோ காதில் ஹெட்போனை மாட்டிவிட்டிருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்காரவைத்த பிள்ளை மாதிரி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன் என்றுதானே சொன்னார். நேற்றுத் தொலைபேசியில், "அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும், நேர்லதான் கேக்கணும்" என்றார், என்ன ஏது என்று இவளும் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை, ஒன்பது வருஷமாக அந்த ஒரு கேள்விதான் அவரிடம் இருக்க முடியும். அண்ணன் என் கடிதத்தைக் கேட்டாரா, கேட்டுவிட்டு என்ன சொன்னார். பேருந்து சீக்கிரம் வந்துவிட்டதாம், பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு நின்றாராம், பக்கத்து வீட்டம்மா "அவங்க கண்ணு தெரியாதவங்களுக்குப் புத்தகம் வாசிக்கிற இடத்துல இருப்பாங்க" என்று வழியைச் சொல்லி அனுப்பிவிட்டாளாம், நல்லவள், நன்றாக இருக்கட்டும். பதிவுக்காரம்மாவுக்கோ விருந்தாளியைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. "உக்காருங்கண்ணே, உங்க அண்ணி எப்படி வாசிக்கிறாங்கன்னு கேளுங்க, ஒரு கமாவை விடமாட்டாங்க, அச்சுப்பிழையைக்கூட அப்படியே வாசிச்சுட்டு, பிழைன்னு தனியாச் சொல்லுவாங்க." உண்மைதான். வாரத்துக்கு இரண்டு காலை, ஒன்பது வருஷம், செருப்பைக் கழற்றிவிட்டு, சாவிக்கொத்தை வெளியே வைத்துவிட்டு, தாள் சத்தம் போடாமல் இருக்க நுனியை முன்கூட்டியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்க எண்ணையும் அடிக்குறிப்பையும் சேர்த்து… விடுவதற்கு அவள் யார், கேட்கிறவர்களால் எடுத்துப் பார்த்துச் சரிபார்க்க முடியாதே, அவர்களுக்கு அவள் குரல்தான் தாள், அவள் குரல்தான் மை. முதல் நாள் இங்கே வந்தபோது இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தபோது அவள் தலையாட்டினாள், தலையாட்டினபோது கழுத்து வலித்தது.

விளக்கு சிவப்பானது. மறுபடியும் அந்தப் பத்தி. பழங்காலத்து மனிதர்கள் தங்களை நியாயவான்கள் என்று யார் முன்னால், எதை வைத்து நிரூபித்தார்கள் என்பதுதான் புத்தகம், தலையணை கனம். இப்போது எகிப்தியர் முறை. செத்தவர் நாற்பத்திரண்டு நீதிபதிகள் முன்னால் நின்று, செய்ததைச் சொல்லமாட்டார், செய்யாததைத்தான் சொல்வார். திருடியதில்லை, எடையில் கைவைத்ததில்லை, யாரையும் அழவைத்ததில்லை, உண்மையான சொல்லுக்குக் காதை மூடிக்கொண்டதில்லை… வந்துவிட்டது, எப்படியோ வந்துவிட்டது, அடுத்த வரிக்கு ஓடு. காதைத்தானே சொல்கிறார்கள், வாயைச் சொல்லவில்லையே, இன்னொருவருடைய காதை மூடியவளைப் பற்றி நாற்பத்திரண்டில் ஒரு வரி இருக்கிறதா, இல்லை, பார், தேடுகிறாள், சந்துபொந்து தேடுகிறாள். இப்படித்தான் அவர்களும் தேடியிருப்பார்கள். தன் மனசைத் தராசின் ஒரு தட்டில் தூக்கி வைத்துவிட்டு, எதிர்த்தட்டில் ஒற்றை இறகைப் பார்த்துக்கொண்டு, மனசு அதைவிடக் கனத்தால் தொலைந்தோம் என்று நிற்கிறவன், சும்மாவா நிற்பான்.

அவள் வீட்டுக்காரர் தையற்காரர், தையற்காரருக்குக் கண் போனால் என்ன மிச்சம். அவர் முதலில் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினார், தம்பி வைத்திருந்ததோ மூக்குக்கண்ணாடிக் கடை, "வயசுண்ணா, வேற ஒண்ணுமில்ல" என்று கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார், எட்டு மாதம் கழித்து இன்னொரு தடவை மாற்றினார், அப்போதும் வேற ஒண்ணுமில்ல. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, கண்ணுக்குள்ளே அழுத்தம், போனது போனதுதான், முன்னாடியே ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். ஏன் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தம்பி என்ற சொல்லை அவள் எடுக்கவிடவில்லை. அவர் எடுக்கத்தான் பார்த்தார். "ஏம்மா, அவன் கடையில போர்டு மாத்திட்டானாமே." "மாத்தட்டும். அதுலயும் வேற ஒண்ணுமில்லன்னு எழுதட்டும்." அவர் சிரித்தார், சிரித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்றரை வருஷம் கழித்துக் கடிதம் வந்தது, இரண்டு தாள். முதல் தாள் முழுக்கக் காரணம். அந்த நோய் ஆரம்பத்தில் தெரியாது, பெரிய டாக்டர்களே தவறவிடுவார்கள், என்னிடம் இருந்த கருவி அதைக் காட்டாது. அதை அவள் ஒரு சொல் விடாமல் வாசித்தாள், நன்றாக நிறுத்தி, ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகத் தூக்கிக் காட்டி வாசித்தாள். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இரண்டாவது தாளைப் புரட்டினாள். அண்ணா, முன்னால் எழுதினதெல்லாம் காரணம், காரணமெல்லாம் சரிதான், ஆனால் தப்பு என்னோடது. எனக்குப் புரியலைன்னு சொல்லக் கூச்சப்பட்டு, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன். வான்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, வந்துடறேன். கண் ஓடி முடித்துவிட்டது, வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டு விளக்கை அணைத்தவன் நாலு வரி எழுதி நல்லவனாகிவிடுவதா… "அவ்வளவுதானா?" என்றார் அவர். "அவ்வளவுதான்" என்றாள். "ரெண்டு தாளா இருக்கு போலிருக்கே, சத்தம் கேட்டுச்சே." "எழுத்து வெளிய தெரியாம இருக்க வெறும் தாளைச் சுத்தி அனுப்பியிருக்காரு." அவர் கையை நீட்டினார். கொடுத்தாள்.

"அக்கா, நிறுத்துங்க. 'மார்பின்மேல்', நீங்க 'மார்பில்'னு வாசிச்சுட்டீங்க." ஆமாம், மார்பின்மேல். தவறுகிறதே, ஒன்பது வருஷமாகத் தவறாதது. செத்தவரின் மார்பின்மேல் கல்லில் செய்த வண்டு ஒன்றை வைப்பார்களாம், அதன் அடியில் ஒரு வேண்டுதலைச் செதுக்கி, தராசில் ஏறும்போது என் மனமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்று கெஞ்சுவார்களாம். கெட்டிக்காரர்கள், நாற்பத்திரண்டு நீதிபதிக்கும் பயப்படவில்லை, உள்ளே இருக்கிறவனுக்குத்தான் பயந்திருக்கிறார்கள். அவளிடமும் ஒரு கல் இருந்தது. டாக்டர் சொன்னாரே, இருதயம் பலவீனமாக இருக்கிறது, மனசை அலட்டுகிற பேச்சு எதுவும் வேண்டாம் என்று. அதனால்தான் வாசிக்கவில்லை. பாவம், தாங்கமாட்டார் என்றுதான். இன்றைக்குக் கொழுந்தனார் கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறாள், நேற்றிலிருந்து நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, ஒவ்வொரு விதமும் நன்றாகவே இருந்தது. மார்பின்மேல் என்று வாசித்தாள். மார்பின்மேல்… சட்டைப்பை. டாக்டர் காதுக்குழலை வைக்கப்போய், "பையில என்னய்யா தடியா, காதல் கடிதமா?" என்று எடுத்து மேசைமேல் வைத்தார், அவர் சிரித்துக்கொண்டே "தம்பி எழுதினது" என்றார், அதன் பிறகு டாக்டர் கேட்டுப்பார்த்துவிட்டு இவளைத் தனியாகக் கூப்பிட்டு… அதன் பிறகு. கடிதம் சட்டைப்பையில் இருந்தது. கடிதம் வந்து, வாசித்து, வாசிக்காமல் விட்டு, பைக்குப் போய், அதற்கு அப்புறம்தான் டாக்டர் சொன்னார். முன்னால் இல்லை. ஒன்பது வருஷமாக அவள் அந்த டாக்டரைத் தூக்கிக் கடிதத்துக்கு முன்னால் உட்காரவைத்திருக்கிறாள், எந்த நாளில் இடம் மாற்றினாள், யாரும் பார்க்கவில்லை, அவளே பார்க்கவில்லையே. குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அது பழகின மாடு, வண்டியில் ஆள் தூங்கினாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடும். கிரேக்கர்கள் வந்தார்கள், ஒருவன் நினைப்பது சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஏன் அப்படி நினைக்கிறான் என்று காரணமும் காட்ட வேண்டும் என்றார்கள். காட்டலாமய்யா, காரணத்துக்கா பஞ்சம், காரணம் செயலுக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று உங்களில் எவனாவது கேட்டானா. பிறகு இன்னொரு தேசத்தார், அவர்களிடம் தராசே இல்லை, குற்றவாளி என்று தெரிந்தே நீதிபதி அவனை நியாயவான் என்று சொல்லிவிடுகிறார், சொன்னதால் அவன் அப்படி ஆகிறான். அது எப்படி. ஒருத்தர் சும்மா சொல்லிவிட்டால் ஆகிவிடுமா. சொல்லக்கூடியவர் இருந்தால்தானே.

பக்கத்தைத் திருப்ப நுனியைத் தூக்கினபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. பதிவுக்காரம்மா வருகைப் பதிவேட்டை நீட்டியிருந்தாள், கொழுந்தனார் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், பால்பாயிண்ட் பேனாவை உளி மாதிரிப் பிடித்து, தோளே இறங்கும்படி அழுத்தி. சத்தம் இங்கே கேட்காது, ஆனாலும் பதிவுக்காரம்மா அடுத்த பக்கத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்ததிலேயே எழுத்து அதிலும் பதிந்துவிட்டது தெரிந்தது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், அவள் வீட்டுக்காரர் சொல்லுவார், "என் தம்பி ஒரு பக்கம் எழுதினா, பின்னால வர்ற மூணு பக்கத்துக்கும் சேர்த்து எழுதிடுவான்." அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். நாக்கு வாசித்தது. அழுத்தி எழுதினால் தாளின் முதுகில் எழுத்து எழும்பும், விரல் வைத்தால் தெரியும், யாருக்கும் தெரியும். அவர் விரல் யாருடைய விரல், துணியின் நல்ல பக்கம் எது பின்பக்கம் எது என்று பேச்சை நிறுத்தாமலே தடவிச் சொல்லுகிற விரல். கொடுத்த தாளை அவர் உடனே மடிக்கவில்லை, இரண்டாவதை மேலே எடுத்து, திருப்பி, கட்டைவிரலால் மேலிருந்து கீழே மெதுவாக, வரிவரியாக… தம்பி அனுப்பின தாள், பாசத்தில் தடவுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். வெறும் தாள் இல்லை என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். என்ன எழுதியிருந்தது என்பதுதான் தெரியாது. தெரிந்துகொள்ள எத்தனை பேர் வந்துபோனார்கள், எதிர்வீட்டுக்காரர் தினம் வந்தார், ஒரு வார்த்தை சொன்னால் வாசித்திருப்பார். பையிலேயே வைத்திருந்தாரே தவிர ஒருவரிடமும் நீட்டவில்லை.

இப்படித் தராசைக் கடந்தவருக்கு எகிப்தியர் கொடுத்த பட்டம், குரல் மெய்யானவர். அத்தியாயம் முடிந்தது, பக்கம் நூற்றுப் பதினான்கு. அவள் வாயை மூடிக்கொண்டு மூன்று விநாடி காத்திருந்தாள், அந்த மூன்று விநாடி மௌனமும் பதிவாக வேண்டும், அதுதான் விதி. பதிவுக்காரம்மா கட்டைவிரலை உயர்த்தினாள், பிறகு கொழுந்தனார் பக்கம் சாய்ந்து என்னவோ சொல்லி, பொத்தானைக் காட்டினாள், இதை அழுத்திக்கிட்டுப் பேசுங்க, உங்க அண்ணிக்குக் கேக்கும் என்கிறாள் போலும், அவர் கூச்சத்தோடு விரலை வைத்தார். ஒரு இருமல். பிறகு குரல், இரண்டு காதிலும், அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல் என்று ஊரே சொல்லும், ஒன்பது வருஷத்தில் மறந்துபோயிருந்தாள், நேற்றுத் தொலைபேசியின் கரகரப்பில்கூடத் தெரியவில்லை. "படிக்க இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

அவ்வளவுதான் கேட்டார். வேலை முடிந்ததா, கிளம்பலாமா என்று. ஆனால் அவளுக்குக் கேட்டது அண்ணன் குரல். சாயங்காலம், நாற்காலி, மடியில் கை, பேப்பரை மடித்து வைத்ததும் அவர் தினமும் கேட்பது, கடிதம் வந்ததற்கு மறுநாளிலிருந்து கேட்டது, கண்ணில்லாதவருக்குப் பொழுது போகவில்லை என்று அவள் நினைத்தது. "ஏம்மா, படிக்க இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?" "இல்லங்க, பேப்பர் முடிஞ்சுது." "சரிம்மா." அவர் போய்ச் சேரும்வரை நாலு மாதம். கடைசிக்கு முந்தின நாள்கூட. ஒவ்வொரு நாளும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஒவ்வொரு நாளும் அவள் அதைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அந்தச் "சரிம்மா" எந்தச் சரி. மன்னித்தாயிற்று என்கிற சரியா, நாளைக்குக் கேட்கிறேன் என்கிற சரியா. எப்படி எண்ணிப் பார்த்தாலும் ஒரு நிறையில் நிற்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சரியாகக் கேட்கவில்லையோ என்று.

"இருக்கு தம்பி" என்றாள் அவள், ஒலிவாங்கிக்கு நேராக. "ஒரு தாள் பாக்கி இருக்கு."

பதிவுக்காரம்மா தன் பிரதியை முன்னும் பின்னும் புரட்டினாள். "முடிஞ்சிருச்சே அக்கா, நூத்திப் பதினாலுதானே?"

அவள் குனிந்து கைப்பையை எடுத்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள், அவர் போன பிறகு சட்டைப்பையிலிருந்து எடுத்து, நாலாக மடித்து அதில் வைத்திருந்த தாளைத் தொடும்போது எழுத்து விரலுக்குத் தெரிந்தது.