பிளாசாச் சுவரில் நீல மனிதன்

குலசிங்கம் கனடாவுக்கு வந்த நாள் தொட்டு அன்னம்தான் செய்துகொண்டிருந்தார். ரொறன்ரோவில் தாலி கட்டுகிற ஒவ்வொரு தமிழ்ச் சோடிக்கும் பின்னால் இரண்டு அன்னங்கள் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. ரெஜிபோம் நுரைப் பலகையை வெட்டி, வெள்ளை அடித்து, மினுக்கம் தூவி மண்டபத்தில் நிறுத்திவிட்டு வந்தால், சனம் வரும், சாப்பிடும், போகும். அன்னத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீடியோக்காரர் அதன் கழுத்தில் கமெராப் பையைக் கொழுவி வைப்பார்.

அதுதான் அவருக்கு நெஞ்சில் கிடந்து உறுத்தியது. யாழ்ப்பாணத்தில் கோயில் சுவருக்குப் படம் கீறிய கை அது. தான் வரைந்த படத்துக்கு முன்னால் ஒரு மனிதர் பேச்சை மறந்து நிற்பதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். சாவதற்குள் இன்னொரு தடவை அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. மனைவியிடம் மட்டும் அதைச் சொன்னார். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை பார்த்த கமலாம்பிகை, முதலில் அன்னத்துக்கு ஒழுங்காகக் கண் வையுங்கோ என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

கமலாம்பிகையையும் அவர் ஒருமுறை வரைந்திருந்தார். கலியாணம் முடித்த புதிதில் கீறிய பெரிய படம். ஊரை விட்டு வரும்போது எதை எதையோ போட்டுவிட்டு வந்தவர்கள், அதை மட்டும் சுருட்டி எடுத்து வந்தார்கள். விமான நிலையத்தில் அதை விரித்துப் பார்த்த அதிகாரி இந்தப் பெண் யார் என்று கேட்டார். என் மனைவி என்றார் குலசிங்கம். அதிகாரி பக்கத்தில் நின்ற கமலாம்பிகையை ஒருமுறை பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் கமலாம்பிகையைப் பார்த்தார். படத்திலிருந்த பெண் ரோசாப்பூ நிறம். கமலாம்பிகையோ நல்ல கறுப்பு. எங்கள் ஆட்களில் யாருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை. கலியாணப் படமென்றால் அப்படித்தான். அது இப்போது வீட்டு ஹோலில் தொங்குகிறது. கிழமைக்கு ஒருமுறை அவளே அதற்குத் தூசு தட்டுவாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் குலசிங்கத்தின் ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. அதுவும் ஒரு மீனால்.

ரெக்ஸ்டேலில் அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்துக்கு எதிரே, கீழே கடைகளும் மேலே ஒரு மாடியுமாக, ஒரு சின்ன பிளாசா இருந்தது. அங்கே அருள்நாயகத்தின் சாமான் கடைப் பலகையில் குலசிங்கம் ஓர் அறக்குளா மீன் வரைந்து கொடுத்திருந்தார். இப்போதுதான் கரைக்கு வந்ததுபோல் முதுகு பளபளக்கும். பக்கத்தில் எவர்ரனின் சலூன். எவர்ரன் ஜமேக்காவில் பிறந்தவர், ஐம்பது வயதைத் தொட்ட நெடிய கறுப்பு மனிதர். ஒருநாள் காலை சலூனைத் திறக்க வந்தவர் திறப்பைக் கையில் பிடித்தபடியே மீனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இந்த மீனுக்கு உயிர் கொடுத்தவர்தான் என்னுடைய ஆளுக்கும் உயிர் கொடுக்க வேண்டும் என்று அருள்நாயகத்தை நெருக்கி, குலசிங்கத்தைத் தேடிப் பிடித்துவிட்டார்.

அவருடைய ஆள் என்பது ஒரு கதாநாயகன். எவர்ரன் சலூனில் கூட்டமில்லாத நேரங்களில் கறுப்பு மையில் சித்திரக்கதை வரைவார். போட்டோக் கொப்பி எடுத்து, கம்பி அடித்து, முடிவெட்ட வருகிறவர்களுக்குச் சும்மா கொடுப்பார். கதாநாயகனின் பெயர் ஹைறைஸ், உயர்ந்த மாடிக் கட்டடம் என்று அர்த்தம். பகலில் மாடிக் கட்டடங்களில் லிஃப்ற் திருத்துகிற கறுப்பின மனிதன். ஆபத்து என்றால் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டடத்தின் வெளிச்சுவரோடு மேலே பறப்பான், தீப்பிடித்த மாடியிலிருந்து சனத்தை முதுகில் சுமந்து இறக்குவான். ரெக்ஸ்டேலில் லிஃப்ற் பழுதாகி, அரிசி மூட்டையோடு படியேறிய எவருக்கும் லிஃப்ற் திருத்த ஆள் வருவதே பெரிய அற்புதம். பறப்பது அதற்கு மேலே போனஸ்.

குலசிங்கத்துக்கு ஆங்கிலம் வேலைத்தலத்துக்குப் போதுமான அளவுதான். ஆனாலும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு போனவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். பல்கனிக் கம்பியில் ஒரு கையால் தொங்கியபடி மறுகையில் ஒரு முழுக் குடும்பத்தையே ஏந்திக்கொண்டிருந்தான் ஹைறைஸ். முகத்தில் வலி இல்லை, பெருமை இல்லை, பொறுப்பு மட்டும் இருந்தது. குலசிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. கும்பிடுகிற இடத்தில்தான் அவர் அந்த முகத்தை அதற்கு முன் பார்த்திருந்தார்.

கார் நிறுத்துகிற பக்கத்துச் சுவர் முழுக்க அந்தப் படம் வேண்டும் என்றார் எவர்ரன். ஓகஸ்ட் மாதத்துக் கார்னிவல் திருவிழாச் சனிக்கிழமை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் கூட்டித் திறக்கப்போகிறார். அதுவரை தான்கூட எட்டிப் பார்ப்பதில்லை என்று அவராகவே வாக்குக் கொடுத்தார். கறுவல்களோடு ஏன் மினக்கெடுகிறாய் என்று அருள்நாயகம் குலசிங்கத்தைத் தனியே கூப்பிட்டுப் புத்தி சொன்னார். அருள்நாயகத்தின் பக்கத்தில் எவர்ரனை நிறுத்தினால் எவர்ரன்தான் ஒரு பிடி வெளுப்பு. கடைக்குள் ஒரு கண்ணாடி கொழுவ அவருக்கு யாராவது புத்தி சொல்லியிருக்கலாம்.

மழைக்குப் போடுகிற படங்கைக் கட்டி மறைத்துக்கொண்டு, ஏணியில் ஏறி, குலசிங்கம் வேலையைத் தொடங்கினார். சாப்பாட்டை மறந்தார், அன்னங்களை மறந்தார். இரண்டாள் உயரத்துக்குப் பாதமும் முழங்காலும் எழும்பின, அதற்கு மேலே மார்பு விரிந்தது, ஏந்திய கை சுவரின் அந்தத்துக்குப் போனது. இவ்வளவு பெரிய ஒரு உருவம் தன் கையிலிருந்து வருகிறதா என்று அவருக்கே சிலவேளை சந்தேகம் வந்து, இறங்கி நின்று அண்ணாந்து பார்ப்பார். கடைசிக் கிழமை புதன்கிழமை வேலை முடிந்தது. சனிக்கிழமைக்கு முன் உரியவர் பார்க்கட்டும் என்று எவர்ரனை அழைத்துவந்து படங்கைத் தூக்கினார். ஆங்கிலத்துக்கு உதவியாக அருள்நாயகமும் வந்து நின்றார்.

எவர்ரன் ஒரு சொல் பேசவில்லை.

குலசிங்கத்தின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் காத்திருந்தது இந்த மௌனத்துக்குத்தானே என்று நினைத்தார். பாவி மனிதர், ஒரு முழு நிமிடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்.

"இவன் ஏன் நீலமாக இருக்கிறான்?" என்று கேட்டார் எவர்ரன்.

ஹைறைஸ் தலை முதல் கால் வரை நல்ல மேகநீலமாக நின்றான். குலசிங்கத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. கோயிலில் கும்பிடுகிற பெரியவர்கள் நீலம்தானே. கரிய திருமேனி என்று பாடுவார்கள், ஆனால் வரைகிறவன் நீலத்தைத்தான் எடுப்பான். அவருக்குத் தொழில் பழக்கியவர் அப்படிச் செய்தார், அவரும் அப்படியே செய்தார். எவர்ரனின் ஆளுக்கு அவரால் கொடுக்க முடிந்த ஆகப் பெரிய மரியாதை அந்த நிறம். இதைத் தன் ஆங்கிலத்தில் பாதியும் அருள்நாயகத்தின் ஆங்கிலத்தில் மீதியுமாகச் சொல்லி முடித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சலூனிலிருந்து தாயோடு வெளியே வந்த ஒரு கறுப்பினச் சிறுமி, இந்த ஆளுக்கு அவ்வளவு குளிரா என்று தாயைக் கேட்டாள். தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் வேறு கிரகத்திலிருந்து வந்தவராக்கும் என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போனார்.

எவர்ரன் சிரிக்கவில்லை. உங்கள் ஊரில் என் நிறத்தில் யாரை வரைவீர்கள் என்று கேட்டார். குலசிங்கம் வாயைத் திறந்தார். கோயில் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற பூதங்களை, அசுரர்களை. "பூதங்களை" என்று தமிழில் மட்டும் அவர் வாயிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் மொழிபெயர்த்த அருள்நாயகம் அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல் நிலத்தைப் பார்த்தார். எவர்ரனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"நான் சிறுவனாக இருந்தபோது வாங்கிய புத்தகங்களில் எங்கள் ஆட்கள் அபூர்வமாகத்தான் வருவார்கள்," என்றார் எவர்ரன். "வந்தாலும் சாம்பலாக வருவார்கள், ஊதாவாக வருவார்கள், ஒருமுறை பச்சையாகக்கூட வந்தார்கள். எங்கள் நிறத்தில் மட்டும் வரவில்லை. அதனால்தான் நானே கீறத் தொடங்கினேன். என்னுடைய ஆள் வேறு கிரகத்திலிருந்து வரவில்லை, மிஸ்டர் சிங். எதிர்க் கட்டடத்திலிருந்து வருகிறான்."

குலசிங்கம் என்ற பெயரை அவர் முதல் நாளே சிங் ஆக்கிவிட்டிருந்தார். சனிக்கிழமைக்குள் நிறத்தைத் திருத்த முடியாவிட்டால் சுவருக்கு வெள்ளை அடித்துவிடுங்கள் என்று தாழ்ந்த குரலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனார். கத்தியிருந்தால் குலசிங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று முழுக்க அவர் கறுப்பை எடுத்துச் சுவரோரத்தில் பூசிப் பார்த்தார். சுவரில் ஓட்டை விழுந்ததுபோல் இருந்தது. மண்நிறத்தைக் கலந்தார், சேறாகியது. எந்த நிறத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கலக்கிறவருக்கு, உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் போர்த்தியிருக்கிற நிறம் கலக்கத் தெரியவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை குசினிக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். கமலாம்பிகை வேலைக்கு உடுத்திக்கொண்டு, யன்னலடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். முழங்கை யன்னல் கட்டையில் கிடந்தது. வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"கையை எடுக்காதையுமப்பா," என்றார் குலசிங்கம். "அப்பிடியே நில்லும்."

ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் நிறங்களைப் பிதுக்கிக்கொண்டு வந்து அவள் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு தேவைப்பட்டது. மஞ்சள் தேவைப்பட்டது. வெயில் பட்ட இடத்தில் செம்பு மின்னியது, முழங்கை மடிப்பில் நாவற்பழம் இருந்தது. கையின் மேல் ஓரத்தில், யன்னலுக்கு வெளியே இருந்த வானம் ஒரு மெல்லிய நீலக் கோடாக வந்து படிந்திருந்தது. கறுப்பு மட்டும் எங்கேயும் தேவைப்படவில்லை. அவள் முன்கையில் ஒரு கோடு இழுத்தார். கோடு தெரியவில்லை. தூரிகையோடு நின்றவருக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருடம் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு அதிசயத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

கமலாம்பிகை பஸ்ஸை விட்டுவிட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், பிறகு ஹோல் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உதில கொழுவியிருக்கிறது ஆர்?" என்று கேட்டாள்.

குலசிங்கம் ஹோலில் தொங்கிய ரோசாப்பூ நிறப் பெண்ணைப் பார்த்தார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு பிளாசாவுக்கு ஓடினார்.

சனிக்கிழமை மத்தியானம் கார் நிறுத்துகிற இடத்தில் கால் வைக்க இடமில்லை. சலூன்காரர்கள், தேவாலயத்துப் பெண்கள், எதிர்க் கட்டடத்துத் தமிழர்கள், சோமாலியர்கள், தோளில் ஏறிய பிள்ளைகள் என்று சனம் திரண்டிருந்தது. எவர்ரன் கயிற்றை இழுத்தார். படங்கு விழுந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. மத்தியான வெயிலில் ஹைறைஸ் எரிந்துகொண்டு நின்றான். மார்பில் செம்பு, வயிற்று மடிப்பில் நாவல் நிறம், விரிந்த தோளின் ஓரத்தில் மட்டும் பழைய நீலத்திலிருந்து குலசிங்கம் விட்டுவைத்த ஒரு கோடு வானம். அவன் கையிலிருந்த குடும்பத்தின் முகங்கள் அங்கே நின்றவர்களின் முகங்களாக இருந்தன. அன்று குளிரா என்று கேட்ட சிறுமி முன்வரிசையில் நின்றாள். இவரைத் தெரியும், எங்கள் லிஃப்ற்றில் வந்தவர் என்று தாயிடம் மெதுவாகச் சொன்னாள். எவர்ரனுக்கு அது கேட்டது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவருக்குக் கிட்டப் போய் நின்றார். அதன் பிறகு வெகுநேரம் அவர் சனத்தின் பக்கம் திரும்பவில்லை.

குலசிங்கத்தின் கண் வேறிடத்தில் இருந்தது. ஹோட்டல் சீருடையோடு பஸ்ஸால் இறங்கிய கமலாம்பிகை கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே சுவரடிக்குப் போனாள். ஹைறைஸின் கணுக்கால் அவள் தோள் உயரத்துக்கு வந்தது. அவள் கையை நீட்டி அதில் வைத்தாள். கை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தலையை அண்ணாந்து, அந்தப் பெரிய உடம்பு முழுவதையும், தன் நிறத்தில், பார்த்தாள். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவளுக்கு அன்று வாயில் ஒன்றும் வரவில்லை. குலசிங்கம் கனடாவில் காணக் காத்திருந்த ஆள் அவள்தான் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அவர் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் கையை எடுக்காமல், திரும்பாமல் கேட்டாள்.

"என்னை எப்ப கீறப்போறியள்?"

"நாளைக்குக் காலமை," என்றார் குலசிங்கம். "அந்த யன்னலடியில."