திறக்காத டிபன் பாக்ஸ்

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பியதுமே எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழாவது படிக்கிற மகள் அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடத்தில் ஃபெயில். ஆண்டுத் தேர்விலும் இப்படியே போனால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். இவர்களுக்குச் சொல்லித்தரத் துப்பில்லை, பழி மட்டும் பிள்ளை மேலா? ஒரு பிடி பிடித்துவிடுவது என்று தையல் வேலைக்கு அரைநாள் லீவு போட்டேன்.

வீட்டில் அவளுக்கும் தினம் அர்ச்சனைதான். ஒரு மாதமாக டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்தது. "மகாராணிக்கு என் சமையல் இறங்கலையோ?" என்பேன். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

தலைமையாசிரியை ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவதென்றால், அந்தப் பிள்ளையைப் பார்க்கிற எல்லோரையும் உட்காரவைப்பாராம். மூன்று ஆசிரியர்களோடு மணி அடிக்கும் ஆயாவும் இருந்தார்.

"திங்கக்கிழமை மதியம் கூப்பிட்டு வச்சு சொல்லித்தரேன்மா. தூங்கி வழியுறா" என்றார் கணக்கு சார்.

"செவ்வாய், வியாழன் மதியம் என்கிட்ட வரா" என்றார் அறிவியல் டீச்சர்.

"புதனும் வெள்ளியும் நான்..." தமிழ் டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ புள்ள எப்பதாங்க சாப்பிடும்?" என்றார் ஆயா. "நான் மணி அடிச்சதும் எல்லாரும் கை கழுவ ஓடுவாங்க. இது நோட்டைத் தூக்கிட்டு ஓடும்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் கொண்டுபோன சண்டை எனக்கே மறந்துபோனது. நல்லது செய்கிறோம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறார்கள்; என் பங்குக்கு நானும் திட்டியிருக்கிறேன்.

தமிழ் டீச்சர்தான் முதலில் தேறினார். "கேள்வியைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறதுலயே இவ திணறுறா. உங்க ரெண்டு பேர் கேள்வியையும் என்கிட்ட கொடுங்க. அதை வச்சே வாசிக்கப் பழக்குறேன்."

"காலையில அரைமணி நேரம் போதும்" என்றார் தலைமையாசிரியை. "மதியத்துல யாரும் கை வைக்கக்கூடாது."

திரும்பும் வழியில் மகளிடம் கேட்டேன். "ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவங்களும் சாப்பிடாமத்தானேம்மா சொல்லித்தந்தாங்க. நான் மட்டும் எப்படிச் சாப்பிடுறது?"

நடுத்தெருவில் நின்று அழுதேன்.

ஆண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் நாற்பத்தொன்று. லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று மூன்று ஆசிரியர்கள், ஆயா, மகள் என்று ஐந்து பேருக்கும் மதியச் சாப்பாடு சமைத்து எடுத்துக்கொண்டு போனேன். நன்றி சொன்னால் கணக்கு சார் தமிழ் டீச்சரைக் காட்டுகிறார், அவர் அறிவியல் டீச்சரைக் காட்டுகிறார், அவர் ஆயாவைக் காட்டுகிறார். ஆயா, "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று மணி அடிக்கப் போய்விட்டார்.

மணி அடித்தது. என் மகள் மூன்று ஆசிரியர்களுக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். ஆயா வந்து உட்காரும்வரை யாரும் பாக்ஸைத் திறக்கவில்லை.