எர்மினியா குறித்து வைத்த நாற்பது நாள்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கோங்க. என் குரல் முன்னே மாதிரி தூரம் போவதில்லை. இன்றைக்கு ஒரு பொறாமைக்காரன் கதை சொல்கிறேன். கெட்டவன் இல்லை. பெண்டாட்டி செத்த மறுநாள் அவள்மேல் பொறாமைப்பட்டவன், அவ்வளவுதான். அப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று இப்போதே கேட்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

எலாதியோ சமையலறை மேசையின் இழுப்பறையை உருவி அப்படியே தரையில் கவிழ்த்தான். ரப்பர் வளையங்கள், பாதி எரிந்த மெழுகுவர்த்தி, பழைய கண்ணாடிக் கூடு, பொத்தான்கள். அவன் தேடியது எர்மினியாவின் அடையாள அட்டை. அடக்கம் செய்கிற நிறுவனத்து ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அட்டை இல்லாமல் பதிவேட்டில் ஏற்ற முடியாதாம்.

“அவசரமில்லைங்க ஐயா,” என்றான் அந்த ஆள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

மேசைமேல் ஸ்பெயின் வரைபடம் நேற்று விரித்தபடியே கிடந்தது. நேற்றுக் காலை கொண்டைக்கடலையை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவள், கையில் சிவப்புப் பென்சிலோடு அதன்மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். மத்தியானம் எலாதியோ பேருந்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தபோது பானை கருகி வீடெல்லாம் புகை. அவள் கன்னம் கலீசியாக் கடற்கரையின்மேல் இருந்தது. இதயம் என்றார் மருத்துவர்.

வயது அறுபத்துமூன்று. முப்பத்தோரு வருஷம் தெருவெல் மலைப்பக்கத்துக்குத் தபால்காரியாக இருந்தவள். மஞ்சள் மோட்டார் சைக்கிளில் பனியிலும் மழையிலும் பதினொரு ஊருக்குக் கடிதம் கொண்டுபோனவள். ஓய்வு பெற்ற அடுத்த வாரமே போய்ப் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து முற்றத்தில் நிறுத்தினாள். “இத்தனை வருஷம் ஊரார் வீட்டுக்காகப் போனேன். இனி ஒரு தடவை எனக்காகப் போறேன்,” என்றாள். ஜூன் முதல் தேதி கிளம்பி, பிரனீஸ் மலை, வடக்குக் கடல், தெற்கு வெயில் என்று நாட்டையே ஒரு சுற்று. நாற்பது நாள். இதெல்லாம் எலாதியோவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தனியாகத்தான் போகிறாள் என்று அவனும் நினைத்தான், ஊரும் நினைத்தது.

வரைபடத்தைத் தூக்கினான். அட்டை அதன் அடியில் இருந்தது. கூடவே ஒரு நீல நோட்டும்.

ஆளை அனுப்பிவிட்டு நோட்டைத் திறந்தான். நாளுக்கொரு பக்கம். நுணுக்கி நுணுக்கி எழுதிய தபால்காரியின் கை.

‘மூன்றாம் நாள். ஹாக்கா. கணவாயைக் காலையிலேயே தாண்டணும், பிறகு மூடுபனி. ப.-வுக்குக் கம்பளிக் கையுறை.’

‘பத்தாம் நாள். லுவார்கா துறைமுகம். ஒரே அறை போதும். ப.-வுக்கு ஜன்னல் பக்கம்.’

‘இருபதாம் நாள். குவாதலூப்பே. மணிக்கொரு தடவை நிறுத்தம். ப.-வின் முதுகு.’

‘இருபத்தாறாம் நாள். ரோந்தா. இரண்டு இரவு. சாயங்காலம் ப.-வோடு பாலத்தில். படம் எடுத்துத்தரச் சொல்லி யாரையாவது கேட்கணும்.’

ப. யாரென்று யோசிக்க அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாஸ்குவால். அந்தப் பள்ளத்தாக்கில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ஒரே ஆள். மனைவி போய் ஆறு வருஷம். குனிந்து குனிந்து வேலை செய்து முதுகு போய், இடுப்பில் பட்டை கட்டித் திரிகிறவன். போன குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை தவறாமல் எர்மினியா அவன் பட்டறையில் இருந்தாள். ஒரு வாரம் சங்கிலி என்றாள், அடுத்த வாரம் பிரேக் என்றாள். ஒரு வண்டிக்கு எத்தனை சங்கிலிதான் இருக்கும்!

ஒரே அறை போதும். அந்த மூன்று வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தான். எலாதியோ நோட்டைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு பொத்தானைப் போட்டான்.

துக்கக் கூடத்தில் எர்மினியா கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பூக்களுக்கு நடுவே கிடந்தாள். இந்தப் பக்கம் சோபாக்களில் உறவுக்காரர்கள், காப்பி, ரொட்டிக்குள் வைத்த பன்றித் தொத்திறைச்சி. மகள் நொயேலியா சரகோசாவிலிருந்து விடியும்போதே வந்துவிட்டாள். எர்மினியாவின் ஒன்றுவிட்ட அக்கா தோமாசா வழக்கம்போல வாயை மூடவில்லை.

“நாலு மணிக்குத்தான் பூசையாமே. இந்த வேகத்துல ஒரு கடுதாசி குடுத்திருந்தா எர்மினியாவை அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க.”

பெண்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார்கள். எலாதியோவால் இரண்டும் முடியவில்லை. கண்ணாடி வழியே அவள் முகத்தைப் பார்த்தான். நேற்றுவரை அது அவன் அறிந்த முகம். இன்றைக்கு எதையோ வைத்துக்கொண்டு தர மறுக்கிற முகமாகத் தெரிந்தது. ரோந்தாவில் எந்தச் சட்டை போட்டிருப்பாய்? அந்த நீலத்தையா? எனக்கு ஆட்டுக்கறி வாட்டி வைத்துவிட்டா போயிருப்பாய், நாற்பது நாளைக்கு?

அப்போது பாஸ்குவால் வந்தான். தோல் சட்டையைக் கழுத்துவரை பூட்டி, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தான். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. யாரையும் பார்க்காமல் நேரே கண்ணாடியிடம் போய் நெற்றியை அதன்மேல் வைத்தான். தோள் குலுங்கியது. சத்தமே இல்லாத அழுகை.

அழ வேண்டியவன் நான். என் பங்கையும் சேர்த்து இவன் அழுகிறான் பார், என்று எலாதியோ நினைத்தான்.

பாஸ்குவால் திரும்பி வந்து கையை நீட்டினான். “உன் துக்கத்துல நானும் இருக்கேன், எலாதியோ.”

அங்கே எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான் அது. காலையிலிருந்து நாற்பது பேர் சொல்லியாயிற்று. நாற்பத்தொன்றாவது ஆள் சொன்னபோது அவனுக்குக் காதெல்லாம் எரிந்தது.

“நீ எவ்வளவு இருக்கேன்னு எனக்குத் தெரியும்,” என்றான். கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

“அப்பா, கை குடுங்க,” என்றாள் நொயேலியா, பல்லைக் கடித்துக்கொண்டு.

பாஸ்குவால் நீட்டிய கையைத் தானே மடக்கிக்கொண்டான். “ஒண்ணு கேட்கணும். மோட்டார் சைக்கிள்காரங்க பன்னெண்டு பேர் வராங்க. சவ வண்டிக்குப் பின்னால கல்லறைவரைக்கும் வரலாமான்னு கேட்கிறாங்க. அவ வண்டியை நான் ஓட்டிட்டு வரேன். அது முற்றத்துல தனியா நிக்க வேணாம்.”

“அந்த வண்டியைத் தொட்டேன்னா கையை உடைப்பேன்.”

சோபாக்களில் பேச்சு நின்றது. தோமாசாவின் வாய்கூட நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“வெளியில வா,” என்றான் எலாதியோ.

கூடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம். மார்ச் மாதம்; சுவர் ஓரத்தில் பழைய பனி அழுக்காக ஒட்டிக்கிடந்தது. எலாதியோ கோட்டைப் பிரித்து நோட்டை எடுத்தான். பக்கத்தைப் புரட்டி அவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“படி. நீயே படி. ஒரே அறை போதுமாம். சன்னல் பக்கம் உனக்காம். உன் முதுகு வலிக்குமாம், மணிக்கொரு தடவை நிறுத்தணுமாம். முப்பத்தெட்டு வருஷம் ஒரே படுக்கையில இருந்திருக்கேன்யா நான். எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கிறதே அவளுக்குத் தெரியாது.”

பாஸ்குவால் படித்தான். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். உதட்டை அசைத்து மெதுவாகப் படிக்கிறவன் அவன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இருந்தது குற்றம் இல்லை. என்னவென்று எலாதியோவுக்குப் பிடிபடவில்லை.

“ப-ன்னா நான்னு நினைச்சியா?”

“பின்னே பாதிரியாரா?”

“அட முட்டாளே. வண்டியில பின்னால உட்கார்றவனை நம்ம ஊர்ல என்னன்னு சொல்றோம்?”

எலாதியோ குனிந்து நோட்டிலிருந்த அந்த எழுத்தைப் பார்த்தான்.

பொட்டலம். பின் சீட்டில் உட்காருகிறவனுக்கு அங்கே அதுதான் பெயர். ஓட்டுகிறவர் கட்டி ஏற்றிக்கொண்டு போகிற பொட்டலம். முப்பத்தோரு வருஷம் தபால் நோட்டில் பொட்டலம் வந்தபோதெல்லாம் ‘ப.’ என்று போட்டுப் போட்டுப் பழகிய கைக்கு, முழுசாக எழுதத் தோன்றியிருக்காது.

“நீதான்யா பொட்டலம்,” என்றான் பாஸ்குவால். “உன் முதுகுதான். காலையில காலுறை மாட்டுறப்ப கதவைச் சாத்திக்கிறியாமே? நீ முனகுறதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டே இருப்பாளாம். எனக்கென்ன, பட்டையைக் கட்டிக்கிட்டா என் வண்டியில ஐந்நூறு கிலோமீட்டர் இறங்காமப் போவேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலியே.”

“கேட்டா. மதுக்கடையில வெச்சுக் கேட்டா. நானும் இருந்தேன். நீ என்ன சொன்னே?”

எலாதியோவுக்கு நினைவிருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன், சீட்டாடுகிறவர்கள் எல்லோரும் இருக்கும்போது, பின்னால உட்கார்ந்து வாயேன் என்றாள். நாற்பது வருஷமா ஐம்பது பேரை ஏத்திக்கிட்டுப் போறவன் நான், எவளுக்கும் பொட்டலம் இல்லை என்று சொல்லிவிட்டு மேசையைத் தட்டினான். கடையே சிரித்தது. எர்மினியாவும் சிரித்தாள். காப்பியைக் குடித்து முடித்து, கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேல்வரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

“மே மாசம் நீ ஓய்வு வாங்கிப் பேருந்துச் சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வர்ற அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தா. ‘அன்னைக்கு அவனுக்கு உட்கார வேற இடம் இருக்காது, பாஸ்குவால்’னு சொல்லிச் சிரிப்பா.” பாஸ்குவால் நோட்டை மூடினான், கொடுக்கவில்லை. “நானும் அவகிட்டக் கேட்டேன், தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு முன்னால. ஆளுக்கொரு வண்டி, சும்மா துணைக்கு வரேன்னேன். வேணாம், என் ஆள் பின்னால இருப்பான்னுட்டா. அன்னையிலேர்ந்து உன்னைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். உன் பேருந்துல ஏறப் பிடிக்காம மழையில நடந்து போயிருக்கேன்.”

எலாதியோவின் பொறாமை தீர்ந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, கண்ணுங்களா. அது இடம்தான் மாறி உட்கார்ந்தது. தன் நாற்பது நாளைத் தனக்கு முன்னால் இவன் செவ்வாய்தோறும் கேட்டிருக்கிறான். மூடுபனி, கையுறை, பாலம், எல்லாவற்றையும் அவள் வாயாலேயே கேட்டிருக்கிறான். தனக்குக் கிடைத்தது வெறும் எழுத்து.

“எனக்குச் சொல்லாம உனக்கு எதுக்குச் சொன்னா?” என்றான் எலாதியோ. அங்கேதான் அவன் குரல் உடைந்தது.

பாஸ்குவால் நோட்டை நீட்டினான். எலாதியோ வாங்கிக்கொண்டான்.

நாலு மணிக்குப் பூசை. வெளியே வந்தபோது கோயில் மணி இரண்டிரண்டாக விழுந்தது. பெண் போனால் அங்கே அப்படித்தான் அடிப்பார்கள். சவப்பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். பின்னால் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள், தலைக்கவசங்களைக் கையில் பிடித்தபடி ஆட்கள். எர்மினியாவின் வண்டியும் அவற்றோடு நின்றது. எலாதியோ எப்போது போய்ச் சாவியை எடுத்துக்கொடுத்தான் என்று நொயேலியாவுக்கே தெரியாது.

“அப்பா, முன் சீட்டுல ஏறுங்க,” என்று சவ வண்டியின் கதவைத் திறந்து பிடித்தாள்.

எலாதியோ அந்தச் சீட்டைப் பார்த்தான். பிறகு அதைத் தாண்டி நடந்து, பாஸ்குவால் உட்கார்ந்திருந்த எர்மினியாவின் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“எப்படி ஏறணும்?”

“என் தோளைப் பிடி. காலைத் தூக்கிப் போடு.”

கால் எழும்பவில்லை. நொயேலியா வந்து முழங்காலைத் தூக்கிவிட்டாள்.

“கையை எங்க வெக்கிறது?”

“இடுப்பைப் பிடி. மனசில்லன்னா பின்னால கம்பி இருக்கு.”

கம்பியைப் பிடித்தான்.

மதுக்கடை வாசலில் சீட்டாட்டக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எலாதியோ போகிற கோலத்தைப் பார்த்தார்கள். யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

கல்லறை ஊருக்கு மேலே, மூன்று கிலோமீட்டர். பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். முதல் வளைவில் எலாதியோ பேருந்து ஓட்டுகிற மாதிரி விறைத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். இல்லாத ஸ்டியரிங்கைக் கண்ணாலேயே திருப்பினான். வண்டி தள்ளாடியது.

“நீ ஓட்டாதப்பா,” என்று பாஸ்குவால் தலையைத் திருப்பாமல் கத்தினான். “வண்டி எங்க சாயுதோ அங்க நீயும் சாய். அவ்வளவுதான் உன் வேலை.”

இரண்டாவது வளைவில் பாதி சாய்ந்தான், பாதி பயந்தான். கம்பியிலிருந்து ஒரு கை வந்து முன்னாலிருந்த தோல் சட்டையைப் பற்றியது. கொஞ்சம் கழித்து மற்றதும் வந்தது. முன்னால் சவ வண்டி அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஈர மண் வாசனை வந்தது. கீழே ஊர் சிறுத்துக்கொண்டே போயிற்று.

அடுத்த வளைவு வந்தது. பாஸ்குவால் சாய்வதற்கு ஒரு கணம் முன்பே, வண்டியின் போக்கில், எலாதியோ சாய்ந்தான்.

இவ்வளவுதான், கண்ணுங்களா. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிறவர்கள் எல்லோரும் சோறு ஆறுமுன் திரும்பி வரட்டும். வருகிறவர்களுக்குக் கதவு திறக்க உள்ளே எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.