விலாவில் இருந்த வடு

மேற்கே வெள்ளியங்கிரியும் வடக்கே நீலமலையும் கார்முகில் போர்த்து நிற்க, கீழ்த்திசையிலிருந்து எழுந்த கொண்டற்காற்று சோளத்தட்டுகளைச் சாய்த்தும், தென்னங்கீற்றுகளைக் கோதியும், நூலாலைகளின் புகைபோக்கிகளைச் சுற்றியும் வந்து, கோவை மாநகரின் வடபால் அமைந்த கணபதியின் தெருக்களுக்குள் நுழைந்து, அங்கே இரும்பைக் கடைவோரும் அறுப்போரும் வார்ப்போரும் அப்போதுதான் மூட்டிய உலைகளின் வெம்மையில் தன் குளிரை இழந்துவிடும் ஐப்பசித் திங்களின் காலைப்பொழுது அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. சத்தியமங்கலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கணபதியைக் கடந்து சற்றே சென்றால் வேம்பும் வாகையும் நிழல்விரித்த ஒரு கல்லூரி தென்படும். அதன் முகப்பில், தாழ்ந்த கல்மேடை ஒன்றின்மேல், தன் மூன்று சக்கரங்களையும் ஊன்றி, மூக்கைச் சற்றே உயர்த்தி, இனி ஒருபோதும் ஏறப்போவதில்லாத வானத்தை நோக்கியபடி நின்றிருந்தது ஒரு பழைய போர் வானூர்தி.

கற்றறிந்த அன்பரே, அதன் வீரத்தை எண்ணி நீவிர் அதன் அழகைக் காணச் சென்றிருப்பீராயின் ஏமாந்திருப்பீர். வெயிலும் மழையும் மாறிமாறித் தின்றதால், பச்சையும் சாம்பலுமாகத் தீட்டியிருந்த வண்ணம் பலமுறை வெளுத்த சேலையைப்போல் நிறங்கெட்டு, தொட்டால் விரலில் பொடியாய் ஒட்டியது. வால் எண்களில் பாதி மறைந்திருந்தது. பொறியின் வாய்க்குள் மைனாக்கள் குடும்பம் நடத்தின. இடவிலாவில், சிறகு உடலோடு பொருந்தும் இடத்திற்குச் சற்றுக் கீழே, ஓர் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய ஒட்டுத்தகடு ஒன்று, விளிம்பு நெளிந்து, ஆணிகள் கோணல்மாணலாகப் புடைத்து நிற்க, முரட்டுக்கை தைத்த கிழிசலாய்த் துருத்திக்கொண்டிருந்தது. காண்போர் கண்ணுக்கு அது வெறும் அழகுக்கேடு. வள்ளியாத்தாளுக்கோ அது தன் கணவனின் கல்லறை.

வள்ளியாத்தாள் அன்னூரை அடுத்த சிற்றூரில் பிறர் காட்டில் களையெடுத்து வாழ்ந்தவள். அவள் கணவன் மாசாணம், அந்தக் குடியிலே முதன்முதலாகப் பள்ளிப்படிப்பை முடித்து, வான்படையில் பொறிவினைஞனாகச் சேர்ந்து, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊரார் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சீருடையைக் கழற்றாமல் கிணற்றடி வரை நடந்தவன். எழுபத்தோராம் ஆண்டுப் போரின்போது, மேற்கு எல்லையில் இருந்த தளம் ஒன்றில், பறக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த இதே ஊர்தியின் சிறகடியில் நின்று அவன் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தபோது, தாழப் பறந்துவந்த பகையூர்தி சுட்ட குண்டு அவன் மார்பைத் துளைத்துச் சென்று ஊர்தியின் விலாவிலே தைத்தது. தோழர்கள் குருதியைக் கழுவி, துளையின்மேல் கைக்குக் கிடைத்த தகட்டை வைத்து ஆணியடித்தனர். ஊர்தி மறுநாள் பறந்தது. மாசாணத்தை அங்கேயே எரித்துவிட்டார்கள். அன்னூருக்கு வந்தது ஒரு தகரப்பெட்டியும் அதில் அவன் துணிமணிகளும்தான். எலும்பும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை. மகள் அன்புக்கரசி அப்போது வயிற்றில் இருந்தாள்.

பிணத்தைப் பாராதவளின் அழுகை முடிவதில்லை என்பதை அழுதவர்களே அறிவார்கள். பல ஆண்டுகள் கழிந்து இவ்வூர்தி ஓய்வுபெற்றுக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த காலத்தில், அந்த ஒட்டைத் தன் கையாலேயே அடித்திருந்த மாசாணத்தின் தோழர் ஒருவர் வால் எண்ணைக் கண்டு அடையாளந் தெரிந்து, வள்ளியாத்தாளைத் தேடிப்பிடித்து அழைத்துவந்து, அவள் கையை எடுத்து அத்தகட்டின்மேல் வைத்தார். அன்றுமுதல் ஆண்டுதோறும் கார்த்திகைத் திங்களில் அவன் வீழ்ந்த நாளன்று அவள் அங்கு வந்து, சிறகின் நிழலில் வாழையிலை விரித்து, அவனுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோறும் கச்சாயம் என்னும் வெல்லப் பணியாரமும் படைத்து, சோற்றின் ஆவி அடங்கும்வரை அந்த ஒட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஆடு ஈன்றது, ஓடு மாற்றியது, மகளுக்குச் செவிலி வேலை கிடைத்தது என்று வீட்டு நடப்புகளை எல்லாம் அவனிடம் சொல்லுவாள். கண்களில் புரை படர்ந்து உருவங்கள் மங்கிய பின்னும், மகளின் தோளைப் பற்றிக்கொண்டு வந்தாள்; அவளுக்கு வேண்டியது பார்வை அன்று, அந்த நெளிந்த விளிம்புதான். தோழரும் இறந்துபோனார். இதையெல்லாம் அறிந்திருந்த கல்லூரி வாயிற்காவலரோ அவ்வாண்டு வேலையை விட்டு உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டார். ஆகவே, கல்லூரியின் வெள்ளிவிழாவை முன்னிட்டு ஊர்திக்குப் புதுவண்ணம் தீட்ட முடிவாகியபோது, அந்த ஒட்டைப்பற்றிச் சொல்ல ஒருவரும் அங்கு இல்லை.

வேலையை ஏற்றவன் பீர் முகம்மது. கணபதியில் வண்டிகளுக்கு வண்ணந்தீட்டும் பட்டறை வைத்திருந்த அவனுக்குத் தன் கைத்திறத்தில் இருந்த செருக்கு கொஞ்சநஞ்சமன்று. அச்செருக்குக்கு அவன் தகுதியுடையவனாகவும் இருந்தான். புளியமரத்தில் மோதி நசுங்கிய மகிழுந்து அவன் பட்டறைக்குள் புகுந்து வெளிவருகையில், எங்கே அடிபட்டது என்று உடையவனே தடுமாறுவான். நசுங்கலை நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி என்னும் பசையை அப்பி, காய்ந்தபின் நீர்தெளித்து உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, விரல்நுனிக்கு ஒன்றும் தட்டாமற் போகும்போதுதான் அவன் வண்ணக்குழலைக் கையில் எடுப்பான். காயம் தெரியக்கூடாது, அவன் தொழிலின் முதலும் முடிவும் அதுவே.

அந்த முறையையே அவன் வானூர்திக்கும் கையாண்டான். பறப்பதற்கென்று செய்த பொருளில் பொருத்துவாய்களும் ஆணித்தலைகளும் வெளிப்படத் தெரிவது இயல்பு என்பதை அவன் அறியான், அறிந்திருந்தாலும் பொறுத்திருக்கமாட்டான். மூட்டுகளை எல்லாம் பட்டியால் நிரவி, மழை ஓயும் இடைவெளிகளில் தேய்த்து, மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடி, ஊணுறக்கத்தையும் மறந்து அவன் உழைத்ததைக் கண்டு, சோற்றுத் தூக்கோடு வந்த மனைவி ரம்லா சிரித்தாள்.

“நம்ம பொண்ணு யாஸ்மினுக்கு மருதாணி வெச்சப்பக்கூட இத்தன பாத்துப் பாத்து வெக்கலீங்களே நீங்க!”

“அது கழுவுனா போயிருமல்லோ. இது நம்ம காலத்துக்கும் நிக்கோணும்” என்றான் அவன்.

இடவிலாவின் ஒட்டுக்கு வேலை வந்து சேர்ந்தபோது, தகடு தட்டும் ஷாநவாஸ் ஒருகணம் தயங்கி, “அண்ணா, இது மேலயே பட்டி போட்டு மூடிரலாமுங்களா?” என்று கேட்டான்.

பீர் முகம்மது அதைத் தடவிப்பார்த்து முகஞ்சுளித்தான். “எந்த அவசரக்காரனோ அடிச்சுப்போட்டுப் போயிருக்கான் பாரு. அறுத்து எடுத்துப்போடு. புதுத்தகடு வெச்சுச் சமமாப் பத்தவெச்சிரலாம்.”

மூடியிருந்தாலும் உள்ளே இருந்திருக்குமே என்று நமக்கு நெஞ்சு பதைக்கிறது. அவனுக்கு அது தொழில் நேர்மை. அறுத்த துண்டு பட்டறைக் கழிவுகளோடு சாக்கில் விழுந்து, அந்த வாரமே பாலுசாமியின் வார்ப்புப் பட்டறைக்குச் சென்றது. புதுத்தகடு விளிம்பின்றிப் பொருந்தியது. அதன்மேல் பட்டியும், பட்டியின்மேல் பச்சையும் சாம்பலும் ஏறின. வேலை முடிந்த நாளில் ஊர்தி அன்று பிறந்ததுபோல் ஒளிர்ந்தது.

கார்த்திகை பிறந்து, விழாவுக்கு முந்தைய நாட்காலை; மாசாணம் வீழ்ந்த நாளும் அதுவே. பீர் முகம்மது மென்துணியால் ஊர்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கையில் தூக்குப்போசியும் வாழையிலைச் சுருளுமாய் ஓர் இளம்பெண்ணும், அவள் தோளைப் பற்றியபடி வள்ளியாத்தாளும் மேடையேறி வந்தனர். நேரே சிறகடிக்கு வந்த வள்ளியாத்தாள், பழகிய வீட்டின் தாழ்ப்பாளைத் தேடுபவளைப்போல் கையை உயர்த்தி விலாவில் வைத்தாள். கை வழுக்கியது. முன்னே கொண்டுபோனாள், பின்னே கொண்டுவந்தாள், மேலும் கீழுமாகத் தடவினாள். தன் வேலையின் வழவழப்பில் அவள் மயங்கிவிட்டாள் என்றே எண்ணி அவன் உள்ளங் குளிர்ந்தான். அந்தோ, அவ்வளவு மகிழ்ச்சி அவனுக்கு அதன்பின் வாய்க்கவே இல்லை.

“ஏனுங்கம்மா, கண்ணாடியாட்ட வந்திருக்குதுங்களா? எங்க வேணாலும் தொட்டுப் பாருங்க. கைக்கு ஒண்ணும் தட்டுப்படாது.”

“நல்லா இருக்குதுங்க பாய்” என்று அவள் பண்போடு சொன்னாளேயன்றி, கை நிற்கவில்லை. பிறகு மெல்லிய குரலில், “கண்ணு, இது எடப்பக்கந்தானா? ஏரோப்ளேனைத் திருப்பி நிறுத்திப்போட்டாங்களா?” என்று மகளைக் கேட்டாள்.

தாய்க்குத் தெரியாதது அன்புக்கரசிக்கு வந்தவுடனே தெரிந்துவிட்டது. அவள் பீர் முகம்மதுவின் பக்கம் திரும்பினாள்.

“இங்க ஒரு ஒட்டு இருந்துச்சுங்களே?”

“ஆமாங் கண்ணு, அது பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. அறுத்து எடுத்துப்போட்டேன்.”

“அது எங்கப்பாவுங்க” என்றாள் அவள்.

பிறகு சில சொற்களில் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டவன் துணியைக் கீழே போட்டான். “அல்லாவே” என்று ஒருமுறை முனகியவன், தன் இருசக்கர வண்டியை முடுக்கிக்கொண்டு பாலுசாமியின் பட்டறைக்குப் பறந்தான்.

உலையின் முன் நின்றிருந்த பாலுசாமி செய்தியைக் கேட்டு வார்ப்புக் கரண்டியைக் கீழே வைத்தான். “உருக்கி ஊத்திப்போட்டனுங்க பாய். மோட்டாரு மூடியா வார்த்து, அன்னூருக்குப் பாதி, உடுமலைக்குப் பாதின்னு போயே போச்சுங்க” என்றவன், பீர் முகம்மதுவின் முகத்தைக் கண்டு இரங்கி, பழந்தகடு ஒன்றைக் கழிவிலிருந்து இழுத்தான். “இதை நெளிச்சு ஆணியடிச்சு ஒட்டிருங்க. அந்தம்மாளுக்குக் கண்ணுந் தெரியாதுங்கறீங்க. இல்லீன்னா, எந்தக் காட்டுலயோ தண்ணி எறைக்கற மோட்டாருல அவுரு இருக்காருன்னு சொல்லுங்க. அது புண்ணியந்தானுங்களே.”

பீர் முகம்மது அத்தகட்டை வாங்கினான். பட்டறை வாயில்வரை கொண்டுவந்தான். அங்கேயே சுவரில் சாய்த்துவைத்துவிட்டு வண்டியில் ஏறினான். காயங்களை மறைத்தே வாழ்நாளைக் கழித்தவனுக்கு, பொய்யாக ஒரு காயத்தைச் செய்துகொடுக்க அன்று கை வரவில்லை.

அவன் திரும்பி வந்தபோது வள்ளியாத்தாள் சக்கரத்தின் அருகே அமர்ந்திருந்தாள். மகள் சொல்லிவிட்டிருந்தாள். அவன் எதிரே குந்தி, தகடு உருகிப்போனதை மறையாமல் கூறி, வேறு ஆறுதல் தெரியாததால் பாலுசாமி சொன்ன நீர்இறைக்கும் கதையையும் கூறினான்.

அவள் சினக்கவில்லை. சினந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

“தண்ணி பாயட்டுங்க. எல்லாருத்த காடும் வெளையட்டும். எனக்குக் கை வெக்கறதுக்கு ஒரு எடம் இருந்துச்சுங்க பாய். அது இல்லீங்களே இப்ப.”

அவளே மறுபடியும் சொன்னாள். “போனது போவுட்டும். அது இருந்த எடத்தயாச்சும் காட்டுங்க. நீங்கதானுங்களே எடுத்தீங்க, உங்களுக்குத் தெரியுமல்லோ.”

அவன் துள்ளி எழுந்தான். இதையேனும் செய்யலாம் என்ற நம்பிக்கையோடு அவள் கையைத் தன் கையில் ஏந்தி, சிறகடியில் கொண்டுபோய் வைக்கப் போனான்; வைக்கவில்லை. இங்கேயா, ஒரு சாண் தள்ளியா? சிறகின் வளைவிலிருந்து அளந்தான், சக்கரத்திலிருந்து அளந்தான். எல்லா மூட்டுகளையும் அவனே அழித்திருந்தான். எல்லா ஆணித்தலைகளையும் அவனே புதைத்திருந்தான். அவள் கையை விட்டுவிட்டுத் தன் விரல்களால் விலா முழுவதும் தடவினான். வழவழப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆயிரம் வண்டிகளின் உடையவர்களைத் தடுமாறவைத்த கை, இன்று தானே செய்த இடத்தைத் தானே காணாமல் தடுமாறிற்று.

“தெரியலீங்கம்மா” என்றான். “எனக்கே தெரியலீங்க.”

உடனே உப்புத்தாளை எடுத்துவந்து, விழாவையும் மறந்து, தான் பூசிய ஒளிவண்ணத்தின்மேல் வைத்து அழுத்தினான். அவ்வோசையைக் கேட்ட வள்ளியாத்தாள் கைநீட்டித் துழாவி அவன் மணிக்கட்டைப் பற்றினாள்.

“உடுங்க பாய். ஒருக்கா தொளைச்சது போதும். இன்னொருக்கா வேண்டாம்.”

பின்னர் அவள் இலையை விரித்தாள். மகள் சோறு பரிமாறினாள், கச்சாயத்தை வைத்தாள். இலையின்மேல் ஆவி எழுந்தது. வள்ளியாத்தாளின் வலக்கை ஒருமுறை உயர்ந்து, எங்கே போவதென்று அறியாமல் காற்றிலே நின்று, பின் மடியில் வந்து விழுந்தது. அவ்வாண்டு மகளுக்கு மணம் பேசியிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் அவள் ஆவலாய் வந்திருந்தாள். சொல்லவில்லை. வாய்விட்டும் அழவில்லை. இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் தகரப்பெட்டி வந்த நாளில் அழுதவர்களைவிட, அன்று சற்றுத் தள்ளி வாகைமரத்தைப் பற்றிக்கொண்டு நின்ற பீர் முகம்மதுவே மிகுதியாக அழுதான். ஆவி அடங்கியதும் அவள் எழுந்து, மகளின் தோளைப் பற்றிக்கொண்டு, இழவு வீட்டிலிருந்து புறப்படுவோரைப்போல், வருகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லாமல் நடந்தாள். அதன்பின் அவள் அங்கு வரவே இல்லை.

மறுநாள் விழா இனிது நடந்தேறியது. வந்தோர் அனைவரும் ஊர்தியைச் சுற்றிவந்து, நேற்றுச் செய்ததுபோல் இருக்கிறதே என்று புகழ்ந்து, பீர் முகம்மதுவைத் தேடினர்; அவன் வரவில்லை. அவர்கள் புகழ்ந்ததில் பிழை ஒன்றும் இல்லை, அன்பரே. கார்த்திகை வெயிலில் பச்சையும் சாம்பலும் மின்ன, ஒரு வடுவும் இன்றி, தன் சிறகடியில் ஒருவரும் இறந்ததே இல்லை என்பதுபோல் அது நின்றுகொண்டிருந்தது.