ஜாஸ்மினின் மன்னிப்புக் கடிதம்

அந்தப் பேச்சை எழுதியது நான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளாகச் சொல்லாமல் வயிறு எரிந்து கிடக்கிறேன்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில், விடுதிச் சாம்பாரில் புழு கிடந்ததைப் படம் எடுத்து இன்ஸ்டாவில் போட்டான் தீனா என்கிற இரண்டாமாண்டு மாணவன். மறுநாளே அவனை சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்கும் மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. பல்கலைக்கழகத்தைப் பற்றி மாணவர்கள் எங்கே எதை எழுதினாலும் பேசினாலும் டீனிடம் முன் அனுமதி வாங்க வேண்டுமாம். ஐந்து பேருக்கு மேல் கூடி நிற்கவும் கூடாதாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் நாலு பேர் பார்த்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதோடு அப்பா இருக்கிறார். அஸ்தினாபுரத்தில் துரைராஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவின் வயல்கள் இப்போது அப்பாவின் கடைகளாகவும் வாடகை வீடுகளாகவும் நிற்கின்றன. மகள் போராட்டத்தில் நின்றாள் என்று கேள்விப்பட்டால் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதனால் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நாலரை நிமிடப் பேச்சு ஒன்றை எழுதி, என் பக்கத்தில் உட்காரும் ஜாஸ்மினிடம் கொடுத்தேன்.

“என் பேரை எங்கயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு” என்றேன்.

“நான் இன்னாத்துக்குடி சொல்லப் போறேன்” என்றாள்.

ஜாஸ்மின் பல்லாவரத்துக்காரி. அவள் அப்பா ஏசுபாதம் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவள் ஒரு புத்தகத்தையாவது முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை. ஆனால் சர்ச் கொயரில் பாடிப் பழகிய தொண்டை அவளுக்கு. கேன்டீன் படியில் ஏறி மைக் இல்லாமல் பேசினாள். நான் மூன்றாவது வரிசையில் நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அச்சத்தின் மீது கட்டப்பட்ட அமைதி’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் அவள், “நாம பயந்துகினு கம்முனு கீறோம். அவங்கோ அதை அமைதின்னு சொல்லிக்கிறாங்கோ” என்றாள். கைதட்டல் அங்கேதான் அதிகம். அதை நான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்து நினைத்துப் பொருமினேன்.

அவள் பேசியதை யாரோ படம்பிடித்துப் போட்ட வீடியோவை ஒரே நாளில் இரண்டு லட்சம் தடவை பார்த்திருந்தார்கள். அதில் முப்பது நாற்பது தடவை நானே பார்த்தது. அம்மா தோசை போட்டுக்கொண்டே போனை நீட்டினாள்.

“இது உங்க காலேஜ் பொண்ணுதானே? எவ்ளோ தெளிவா பேசறா பாரு. நீயும் இருக்கியே.”

அதை எழுதினதே நான்தாம்மா என்று வாய்வரை வந்தது. எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். சட்னி கேட்டேன்.

கல்லூரியில் அதைவிட மோசம். ஜூனியர்கள் ஜாஸ்மினோடு படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். பக்கத்தில் நிற்கும் என்னிடம் போனைக் கொடுத்து, “அக்கா, ஒரு போட்டோ எடுங்களேன்” என்பார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஒன்றிரண்டு படங்களில் அவள் தலையைப் பாதியாக வெட்டினேன். வேண்டுமென்றேதான்.

பிறகு விசாரணை வந்தது. அன்று கேன்டீன் படியில் முன்னால் நின்ற, ஜாஸ்மின் உட்பட ஐந்து பேரைப் பெற்றோரோடு வரச் சொன்னார்கள். டீன் சாம்பசிவன் அறையிலிருந்து வெளியே வந்த ஜாஸ்மின் என்னை ஓரமாக இழுத்துப் போனாள்.

“யாரு எழுதிக் குடுத்ததுன்னு மூணு வாட்டி கேட்டாரு. நான்தான் எழுதினேன்னு சொல்ட்டேன். நீ பயப்படாத.”

நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கோ, என் சொத்தை அவள் தன் பேருக்கு எழுதிக்கொண்டதுபோல இருந்தது. பேரைச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியது நான்தான் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்து என்ன, எரிச்சல் அடங்கவில்லை.

ஐந்து பேரும் சொந்தக் கையெழுத்தில் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், அது ஒரு வாரம் நோட்டீஸ் போர்டில் இருக்கும் என்றார்கள். ஒழுங்காக மன்னிப்புக் கேட்காதவர்களுக்கு இந்த செமஸ்டர் ஹால் டிக்கெட் கிடையாது. ஜாஸ்மின் என்னை வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு வரச் சொன்னாள். பழைய சாமான் கடையில் மிக்ஸி ஜாருக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இதெல்லாம் எழுத வராதுடி. நீயே எழுதிக் குடு, நான் பார்த்து எழுதிக்கிறேன். அப்பா லீவு போட்டு வந்து அந்த ஆள் முன்னாடி கைகட்டி நின்னுச்சு. நான் பரீட்சை எழுதலைன்னா அது ஒடைஞ்சு பூடும்.”

சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். பணிவும் வருத்தமும் அளவாகக் கலந்து, டீனே உருகிப் போகிற மாதிரி வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘அன்று நான் பேசிய சொற்கள் என்னுடையவை அல்ல. வேறொருவர் எழுதித் தந்ததை விவரம் புரியாமல் ஒப்பித்துவிட்டேன்.’ என் பேரை எழுதவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு ஏது. பாராட்டு எனக்கு வராவிட்டாலும் அவளிடமிருந்து போனால் போதும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் பல்லாவரம் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தாள்.

“இன்னாடி இது, ‘விவரம் புரியாமல்’?”

“அப்படிப் போட்டா உன்னை மன்னிச்சு விட்டுடுவாங்க.”

“அப்ப எழுதினது யாருன்னு கேப்பாரே.”

“தெரியாதுன்னு சொல்லிடு.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

“எனக்குப் புரிஞ்சுதான் பேசினேன் சத்யா” என்றாள். கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலக ஜன்னலில் என் ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நோட்டீஸ் போர்டுக்குப் போனேன். படித்துப் பார்க்காமலே ஐந்து கடிதங்களையும் யாரோ வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். நாலு கடிதங்களிலும் ‘ஆழ்ந்த வருத்தம்’ இருந்தது. ஐந்தாவது ஜாஸ்மினுடையது. கோணல் கையெழுத்தில் ஆறே வரி.

‘கேன்டீன் படியில் ஏறி நின்றது தப்பு. மன்னித்துவிடுங்கள். கிளாஸ் நடக்கும்போது கத்தினது தப்பு. அதற்கும் மன்னித்துவிடுங்கள். பேசினதே தப்பு என்று எழுதச் சொன்னீர்கள். அதை எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை.’

என் கடிதத்திலிருந்து ஒரு சொல்கூட அதில் இல்லை. நான் எத்தனை நோட்டு கிழித்தாலும் அந்தக் கடைசி வரி எனக்கு வந்திருக்காது. அவளுக்கு ஒரு செமஸ்டர் போகப் போகிறதே என்று அப்போது தோன்றவில்லை. இது எப்படி இவளுக்கு வந்தது என்றுதான் தோன்றியது.

பக்கத்தில் ரேஷ்மா என்ற முதலாமாண்டுப் பெண் கடிதத்தை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“அக்கா, நீங்க ஜாஸ்மின் அக்கா ஃபிரெண்டுதானே? இதை அவங்களே எழுதினாங்களா?”

“இல்ல” என்றேன். “நான் எழுதிக் கொடுத்தது.”

“நிஜமாவா? அப்ப அன்னைக்குப் பேசின ஸ்பீச்?”

“அதுவும் நான்தான்.”

அவள் என்னை வாயைத் திறந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் இத்தனை நாள் காய்ந்து கிடந்தேன். நாக்கு ஒட்டாமல், முதல் தடவையாக ஒருத்தி முன்னால் நின்றேன்.

ரேஷ்மாவின் பார்வை மெல்லக் கீழே இறங்கி என் கைக்கு வந்தது.

“உங்களுக்கு மட்டும் ஹால் டிக்கெட் குடுத்துட்டாங்களாக்கா?”

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஹால் டிக்கெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.